நூற்றுக்கு மூன்று

அந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டதற்கு ஆமாம் என்று நான் சொன்னது ஒரே ஒரு சொல்தான். "ஓம்." அதைச் சொல்ல ஒரு நொடிகூட ஆகவில்லை. அதை நினைத்துக் கூசாமல் ஒரு நாளும் எனக்குப் போனதில்லை.

என் பெயர் யோகராசா. பிறந்தது முல்லைத்தீவு. சண்டைக்குள் இடம்பெயர்ந்து வந்து பாலாவியில் தங்கிவிட்டவன். கற்பிட்டிப் பக்கத்துக் கரையில் ஒரு சின்னக் கத்தோலிக்கப் பாடசாலையில் பதினான்கு வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஊரில் எல்லாரும் கடல் தொழில் செய்கிறவர்கள், அந்தோனியாரின் பிள்ளைகள். திருநீறு பூசிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்குகிறவன் நான் ஒருவன்தான். ஆனாலும் என்னை "எங்கட மாஸ்டர்" என்றுதான் சொல்வார்கள். அந்த "எங்கட" என்ற சொல்லுக்கு நான் என்ன செய்தேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

பாடசாலையில் ஒரு வானியல் கழகம் வைத்திருந்தேன். பூமியின் பாதைக்குக் குறுக்கே வரக்கூடிய கற்கள் வானத்தில் ஆயிரக்கணக்கில் சுற்றுகின்றன. அவற்றைத் தேடப் பெரிய தொலைநோக்கிகள் உண்டு. ஆனால் அவை எடுக்கிற படங்களையெல்லாம் பார்த்து முடிக்கக் கண்கள் போதாது. அதனால் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் படங்களை அனுப்பிவைப்பார்கள். ஒரே இடத்து வானத்தை நான்கு தடவை எடுத்த படங்கள். நட்சத்திரங்கள் அப்படியே நிற்கும், கல் மட்டும் ஒரு சின்னப் புள்ளியாக நகரும். அந்தப் புள்ளியைக் கண்டுபிடித்து எழுதி அனுப்பவேண்டும். அவ்வளவுதான் வேலை.

என் பிள்ளைகளில் டயனாவுக்கு அந்தக் கண் இருந்தது. அவளுடைய அப்பா அல்பேட் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே சாளை மீன் கூட்டம் எங்கே நிற்கிறது என்று சொல்லுகிறவர். மகள் கறுப்புப் படத்தில் மங்கல் புள்ளியைப் பார்த்துச் சொன்னாள். என் கண்ணுக்குத் தெரியாததையெல்லாம் அவள் காட்டினாள். எனக்கு அதில் பெருமை, கொஞ்சம் பேராசையும்கூட. எங்கள் பாடசாலையின் பெயர் ஒரு கல்லோடு சேர்ந்து எங்கேயாவது பதியப்படவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது, கணினிதான் காலை வாரியது. பாடசாலையில் இருந்த ஒன்று உப்புக் காற்றில் செத்துப்போனது. இரண்டு மடிக்கணினியும் ஒழுங்கான இணைய இணைப்பும் கேட்டு மூன்று வருடமாக நான் எழுதாத கடிதம் இல்லை. அரசாங்கக் கந்தோர்களுக்கு எழுதினேன், சங்கங்களுக்கு எழுதினேன், வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்களுக்கு எழுதினேன். ஒரு முதலாளியிடம் நேரிலேயே போனேன். அவர் தேநீர் தந்து, நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "மாஸ்டர், கல்லு விழுறது கிடக்கட்டும். முதல்ல உங்கட பள்ளிக்கூடக் கக்கூசுக்கு ஒரு கதவு போடுங்க" என்றார். அவர் சொன்னது சரி என்பதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

சண்டைக் காலத்தில் வன்னியில் எங்கள் தலைக்கு மேலே வந்து விழுந்தவற்றை முன்கூட்டிச் சொல்ல எங்களுக்கு ஒருவரும் இருக்கவில்லை. வானத்தைப் பார்த்து ஆட்களுக்கு அறிவிக்கிற வேலை எனக்கு ஏன் இவ்வளவு பெரிதாகப் பட்டது என்பதற்கு அது ஒரு காரணம். காரணமாக மட்டும்தான் சொல்கிறேன். செய்ததை அதன் பின்னால் ஒளித்துவைக்க எனக்கு உரிமை இல்லை.

2025 தொடக்கத்தில் அந்தக் கல்லின் செய்தி வந்தது. நாற்பது மீற்றருக்கும் தொண்ணூறு மீற்றருக்கும் இடைப்பட்ட ஒரு கல். 2032 டிசம்பர் இருபத்திரண்டாம் திகதி பூமியில் விழ வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று என்றார்கள். பெப்ரவரி நடுவில் நூற்றுக்கு மூன்று என்றார்கள். விழுந்தால் எங்கே விழலாம் என்று ஒரு கோடும் கீறியிருந்தார்கள். அது பசிபிக்கில் தொடங்கி, ஆப்பிரிக்காவைக் கடந்து, அரபிக்கடல் வழியாக இந்தியப் பக்கம் வரும்.

ஊர் அப்போதுதான் முதல்முதலாக என்னைக் காது கொடுத்துக் கேட்டது. கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு மூன்று நாளைக்கு முதல் கல் விழுமாம் என்ற கதை மீன் வாடியிலிருந்து பாண் பேக்கரி வரைக்கும் போனது. நான் கரும்பலகையில் உலகப் படத்தைக் கீறிக் காட்டினேன். அந்தக் கோட்டைக் கீறும்போது சோக்கைச் சரித்துப் பிடித்தேன். கோடு தடித்தது. தடித்த கோட்டுக்குள் இலங்கையும் வந்தது. அதை நான் அழித்துத் திருத்தவில்லை.

இனி எங்கள் கரையின் ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். கரையில் நின்று கயிற்றால் இழுக்கிற கரைவலைக் காலத்தில் ஒரு நாள் இழுவை முழுக்க அந்தோனியார் கோயிலுக்கு. வலைக்காரரும் பங்கு எடுக்கமாட்டார், கயிறு இழுக்கிறவர்களும் எடுக்கமாட்டார்கள். அதற்குக் கோயில் வலை என்று பெயர். அந்த மீன் விற்ற காசு ஊருக்கு வேண்டிய ஒரு காரியத்துக்குப் போகும். எந்தக் காரியம் என்பதைப் பூசை முடிந்த பிறகு கோயிலுக்குள்ளேயே தீர்ப்பார்கள். கை உயர்த்தி வாக்கு எடுப்பதில்லை, ஒரே ஊருக்குள் அது பகையை வளர்க்குமாம். தேவை உள்ளவர்கள் எழுந்து சொல்லவேண்டும். இரண்டு பேர் கேட்டால் ஒருவர் எல்லாருக்கும் முன்னால் விட்டுக்கொடுக்கவேண்டும். விட்டுக்கொடுத்தவருக்குத்தான் அந்த வருடம் மரியாதை கூட. கிடைத்தவர் இழுவை நாளில் கயிற்றின் முதல் ஆளாக நிற்கவேண்டும்.

அந்த வருடம் அதைக் கேட்க ஏற்கனவே ஒருவர் இருந்தார். அல்பேட்டின் மனைவி, டயனாவின் அம்மா, மெரினா. முந்தைய டிசம்பரில் அல்பேட்டின் என்ஜின் நின்று, இரண்டு நாள் கடலில் இழுபட்டு, வேறு ஆட்கள் கண்டு கொண்டுவந்து சேர்த்தார்கள். கைத்தொலைபேசி கரையை விட்டுக் கொஞ்சத் தூரத்தில் செத்துவிடும். அதனால் கோயிலில் ஒரு ரேடியோ செட்டும் ஊரின் எட்டு மீன்பிடிப் போட்டுக்கு எட்டுக் கைச் செட்டும் வாங்கவேண்டும் என்று மெரினா வீடு வீடாகப் போய்ச் சொல்லிவைத்திருந்தார். காற்று மாறினால் கரையிலிருந்து கூப்பிடலாம். யார் கேட்டாலும் சரி என்று சொல்லக்கூடிய காரியம்.

நானும் கேட்டேன். கோயில் பாதரிடம் போய் நின்று, ஞாயிறு பூசை முடிந்ததும் எனக்கும் ஒலிவாங்கி வேண்டும் என்றேன். அவர் இளம் மனிதர், நல்லவர். "கேளுங்க மாஸ்டர், நீங்களும் இந்த ஊர்தானே" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸுக்கு நிற்கும்போது தொலைபேசியில் பார்த்தேன். இலக்கம் விழுந்திருந்தது. நூற்றுக்கு மூன்று என்றிருந்தது ஆயிரத்துக்கு மூன்றளவுக்கு வந்திருந்தது. தொலைநோக்கிகள் இன்னும் நன்றாகப் பார்த்திருக்கின்றன, பாதை தெளிந்திருக்கிறது, கல் விலகிப் போகிறது. இன்னும் குறையும் என்பது எனக்கு அப்போதே தெரியும். ஒரு மனிதன் சந்தோசப்படவேண்டிய செய்தி. நானோ, ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் இருக்கிறது, அதற்குள் இந்தக் கல் இப்படிச் செய்துவிட்டதே என்றுதான் நினைத்தேன். உலகம் தப்பியதில் கவலைப்பட்ட ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஒவ்வொரு நாளும் அந்த இலக்கத்தைக் கரும்பலகை மூலையில் எழுதுவது கழகத்தின் பழக்கம். தொலைபேசியில் எங்கே பார்ப்பது என்று பிள்ளைகளுக்கு நான்தான் காட்டிக்கொடுத்தேன். வெள்ளிக்கிழமை நான் மூலையை அழித்துவிட்டு, ஒன்றும் எழுதாமல் விட்டேன்.

ஞாயிறு பூசை முடிந்தது. சனம் எழும்பாமல் இருந்தது. நான் ஒலிவாங்கியைப் பிடித்தேன். கல்லைச் சொன்னேன், அதன் பருமனைச் சொன்னேன், நத்தாருக்கு மூன்று நாளைச் சொன்னேன், நூற்றுக்கு மூன்றைச் சொன்னேன். நன்றாகவே பேசினேன், அதைச் சொல்ல இன்னும் வெட்கமாக இருக்கிறது. சில பெண்கள் முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

மெரினா எழுந்தார். தன் காரியத்தைச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சொல்லவில்லை.

"மாஸ்டர், நான் ஒண்டு கேக்கட்டா?"

"கேளுங்க அக்கா."

"அந்தக் கல்லு விழுறதுக்கு, இண்டைக்கும் நூத்துக்கு மூண்டு எண்டுதான் சொல்லுறாங்களா?"

அவருக்குப் பக்கத்தில் டயனா இருந்தாள். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பீடத்தில் அந்தோனியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"ஓம்" என்றேன்.

மெரினா மகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப சரி. எங்கட செட்டு இருக்கட்டும். வலை மாஸ்டருக்குப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு அமர்ந்தார். சனம் கை தட்டியது. எனக்கல்ல, அவருக்கு.

அடுத்த நாள் கோயில் வலை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றின் முதல் ஆளாக நின்றேன். எனக்குப் பின்னால் ஊரே நின்றது. வலையைக் கடலுக்குக் கொண்டுபோக முதல், கரையில் வைத்திருந்த அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் அல்பேட் முழந்தாளிட்டார். பாதரும் எதிர்பார்க்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. "அந்தோனியாரே, இந்த வலை உமக்கு நேர்த்திக்கடன். அந்தக் கல்லைத் திருப்பிவிடும்" என்று சத்தமாகச் சொன்னார். எல்லாரும் முழந்தாளிட்டார்கள். நான் கணினிக்குக் கேட்டேன், அவர்கள் கல்லுக்கு நேர்த்தி வைத்துவிட்டார்கள். அந்தக் கல் ஏற்கனவே திரும்பிவிட்டது என்று தெரிந்தவன் கையில் கயிற்றோடு நின்றுகொண்டிருந்தேன். நின்ற இடத்திலேயே மணல் என்னை இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது.

பாரை மீன் வலை நிறைய விழுந்தது. அப்படி ஒரு இழுவை அந்தக் காலத்தில் வேறு விழவில்லை.

செவ்வாய்க்கிழமை தொலைக்காட்சியில் சொன்னார்கள், இனிப் பயமில்லை, கல் விழாது என்று. ஊர் வெடி கொளுத்தியது. நான் பஸ்ஸால் இறங்கும்போதே அல்பேட் ஓடிவந்து கட்டிப்பிடித்தார். "பாத்தீங்களா மாஸ்டர்! திங்கக்கிழமை இழுத்தம், செவ்வாக்கிழமை திரும்பீட்டுது!" அவருடைய சட்டையில் மீன் வாசம். கண்ணில் தண்ணீர். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். அவருடைய சந்தோசத்தைக் கெடுக்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கெடுக்க விரும்பாதது என் பெயரைத்தான்.

அந்த வெள்ளிக்கிழமை முன்னேஸ்வரம் சிவன் கோயிலுக்குப் போனேன். தேங்காய் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நன்றிக்கு உடைப்பதா, மன்னிப்புக்கு உடைப்பதா என்று தெரியவில்லை. அந்த ஊர் ஆட்களுக்குப் பாவசங்கீர்த்தனத் தொட்டி என்று ஒன்று இருக்கிறது. முழந்தாளிட்டு, திரைக்குப் பின்னால் இருக்கிறவரிடம் சொல்லிவிட்டு எழும்பலாம். எனக்கு அதுவும் இல்லை. தேங்காயை உடைக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவி நிசாந்தியிடம் கொடுத்தேன். அவள் அதைச் சம்பலுக்குத் திருவினாள்.

மடிக்கணினிகள் வந்தன. இணைப்பும் வந்தது. கழகம் ஓடியது. ஆனால் டயனா வரவில்லை. கேட்டால், "சோதனைக்குப் படிக்க இருக்கு சேர்" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அந்த வயதில் பிள்ளைகள் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். புள்ளி பிடிக்கிற கண் போனபிறகு மற்றப் பிள்ளைகள் மங்கலான இடமெல்லாம் கல் என்று எழுதினார்கள். நான் அவற்றை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தேன்.

மே மாதம் நடுவில் ஒரு நாள் இரண்டாம் பாடம் நடந்துகொண்டிருந்தபோது காற்று மாறியது. யன்னல் கதவுகள் அடித்தன. காலநிலை அறிவித்தல் விடிந்தபிறகுதான் வந்திருக்கிறது, போட்டுகள் அதற்கு முதலே போய்விட்டன. பக்கத்தில் வலை போட்டவர்கள் கடலைப் பார்த்துத் திரும்பிவிட்டார்கள். ஏழு போட் கரையில் ஏறியது. அல்பேட் தூரத்துக்குப் போயிருந்தார். அவருக்குச் சொல்ல வழி இல்லை. டயனாவைக் கூட்டிக்கொண்டுபோக ஆள் வந்தது.

என்னால் வகுப்பில் நிற்க முடியவில்லை. கரைக்குப் போனேன்.

சனம் தென்னைகளுக்குக் கீழே நின்றது. மெரினா மட்டும் தண்ணீருக்குக் கிட்ட, பாவாடை நனைய நின்றார். கையில் தொலைபேசி. கிடைக்காது என்று தெரிந்தும் அடித்துக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் போனேன். மணி பத்தரை இருக்கும். மணல் பறந்து முகத்தில் குத்தியது.

"அக்கா" என்றேன். "நான் ஒண்டு சொல்லவேணும்."

அவர் கடலைத்தான் பார்த்தார்.

"அண்டைக்குக் கோயில்ல நான் சொன்னது பொய். நூத்துக்கு மூண்டு இல்லை. வெள்ளிக்கிழமையே குறைஞ்சிட்டுது. எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் ஓம் எண்டனான். அந்த வலை உங்களுக்கு வந்திருக்கவேண்டியது. இப்ப அவருக்கு ஏதும்…"

"தெரியும்" என்றார் மெரினா.

எனக்கு விளங்கவில்லை.

"சனிக்கிழமையே டயனா சொன்னவள். ஒவ்வொரு நாளும் காலமை அதைத்தானே பாக்கிறவள், நீங்கதானே பழக்கினீங்க. அம்மா, குறைஞ்சிட்டுது எண்டு துள்ளிக்கொண்டு வந்தவள். ஏன் குறைஞ்சது எண்டு கேட்டன். ஆக்கள் விடாமப் பாத்துக்கொண்டு இருந்தபடியாத்தான் அம்மா, பாத்தாத்தான் தெரியும், பாக்காட்டி நாங்க சும்மா பயந்துகொண்டே இருப்பம் எண்டாள். அப்ப நினைச்சன், நல்ல வேலைதானே எண்டு."

தொலைபேசியை மறுபடி காதில் வைத்தார். எடுத்தார்.

"விட்டுத் தரத்தான் எழும்பினனான் மாஸ்டர். நீங்க இல்லை எண்டு சொல்லுவீங்க, குறைஞ்சிட்டுது எண்டு உங்கட வாயாலயே சொல்லுவீங்க, அப்பவும் நான் விட்டுத் தருவன், எல்லாருக்கும் விளங்கும் எண்டு நினைச்சுத்தான் கேட்டனான்."

"அப்ப ஏன் அக்கா விட்டுத் தந்தீங்க? நான் பொய் சொன்னபிறகும்?"

"எழும்பியாச்சு. பிள்ளை பாத்துக்கொண்டு இருக்கிறாள். அவளுக்குப் படிப்பிச்ச மாஸ்டரக் கோயிலுக்குள்ள வைச்சுப் பொய்யன் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்ல."

அவர் தொலைபேசியை மறுபடி அடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். நானும் நகரவில்லை. வெட்கத்தில் ஆள் செத்துவிடலாம் என்றால் அந்த இடத்தில் செத்திருப்பேன். உண்மையைச் சொல்லியிருந்தாலே எனக்குக் கிடைத்திருக்கும். மூன்று வருடம் கடிதம் எழுதியவனுக்கு, தான் செய்கிற வேலை ஏன் நல்லது என்று ஒரு மீனவப் பெண்ணிடம் சொல்லத் தெரியவில்லை. பதினாறு வயதுப் பிள்ளை இரண்டு வசனத்தில் சொல்லியிருக்கிறாள். நல்ல செய்திக்கு ஒருவரும் காசு தரமாட்டார்கள், பயத்துக்குத்தான் தருவார்கள் என்று அந்த ஊரை நான் அவ்வளவு மட்டமாக நினைத்திருக்கிறேன். எங்கட மாஸ்டர்!

பின்னேரம் இரண்டு மணிக்குப் போட் தெரிந்தது. என்ஜின் இருமி இருமி வந்தது. சனம் கத்திக்கொண்டு தண்ணீருக்குள் ஓடியது. அல்பேட் போட்டின் முன்பக்க அணியத்தில் நின்று கயிற்றை எறிந்தார். ஆள் உப்பில் ஊறி வெளுத்துப்போயிருந்தார். என்னைக் கண்டதும் அந்த நிலையிலும் சிரித்தார்.

"என்ன மாஸ்டர், நீங்களுமா? அடுத்த கல்லு வருதா? சொல்லுங்க, இன்னொரு வலை இழுப்பம்!"

எல்லாரும் சிரித்தார்கள். அழுதுகொண்டிருந்த பெண்களும் சிரித்தார்கள். மெரினா சிரிக்கவில்லை, டயனாவும் சிரிக்கவில்லை. மறுபடியும் என்னிடம் ஒரு கேள்வி, மறுபடியும் ஊருக்கு முன்னால்.

"அல்பேட்" என்றேன். "அண்டைக்கு நீங்க முழந்தாளிட முதலே அந்தக் கல்லு விலகீட்டுது. எனக்கு அது தெரியும். உங்கட ரேடியோக் காசைப் பொய் சொல்லித்தான் வாங்கினனான்."

காற்றுக்குள் எல்லாருக்கும் கேட்டிருக்காது. முன்னால் நின்றவர்களுக்குக் கேட்டது. அவர்கள் பின்னால் நின்றவர்களுக்குச் சொன்னார்கள். சிரிப்பு நின்றுகொண்டே போவது எனக்குத் தெரிந்தது. அல்பேட்டின் முகத்தில் சிரிப்பு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது, அதை எங்கே வைப்பது என்று தெரியாததுபோல.

"அப்ப நாங்க முழந்தாளிட்டது?" என்றார்.

அலை வந்து போட்டைத் தூக்கி அடித்தது. "பிறகு கதைப்பம். போட் உடையப்போகுது, இழுங்க" என்று யாரோ கத்தினார்கள்.

கால் பழக்கத்தில் கயிற்றின் முன்பக்கம் போனது. அங்கே மெரினா நின்றார். நான் திரும்பி, ஆட்களைத் தாண்டி, ஒவ்வொருவராகத் தாண்டி, கயிற்றின் கடைசிக்குப் போனேன். அங்கே டயனா பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் கையளவு கயிறுதான் மிச்சம் இருந்தது. அதைப் பிடித்து இழுத்தேன்.